ஒல்மெக் மக்கள் கட்டிய கட்டடங்கள் எங்கே?

“ஒல்மெக் என்று தேடினால் ராட்சதக் கல் தலைகளின் படம்தான் வருகிறது. பிரமாண்டமான சடங்குக் கட்டடங்களைக் கட்டியவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டடங்கள் எங்கே? கல்லே கிடைக்காத சதுப்பு நிலத்தில் எதை வைத்துக் கட்டினார்கள்? வெளியிலிருந்து யாராவது வந்து சொல்லிக்கொடுத்தார்களா?” இதுதான் கேள்வி. மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது. பெரிய கட்டடம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, இவர்களுடையது ஏன் தெரியவில்லை? நல்ல கேள்வி. தொல்லியல் படிக்க வரும் பிள்ளைகளும் முதல் வருடத்தில் இதே இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மெக்சிகோவில் தோண்டியவன் இல்லை. அகழாய்வுக் குழிகளில் மண் அடுக்குகளைப் பார்த்து வரைவதுதான் இருபது வருடமாக என் வேலை. ஒல்மெக் இடங்களின் அகழாய்வு அறிக்கைகளை அந்தக் கண்ணோடு படித்திருக்கிறேன், ஒருமுறை போய் நேரிலும் பார்த்திருக்கிறேன். ஆகவே மண்ணைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் உறுதியாகச் சொல்வேன். அந்த மக்களின் நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லும்போது தயங்கித்தான் சொல்ல முடியும்.

ஒல்மெக் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. ரப்பர் நாட்டார் என்ற பொருளில், பிற்காலத்தில் அஸ்டெக் மக்கள் அந்தக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்தவர்களை அழைத்த பெயர் அது. இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் அதை எடுத்து, அதற்கு ஈராயிரம் ஆண்டுக்கும் முன்னால் வாழ்ந்தவர்கள்மேல் ஒட்டிவிட்டார்கள். மெக்சிகோ வளைகுடாவின் தென்கரையில், இன்றைய வெராகுரூஸ், தபாஸ்கோ மாநிலங்களில் அவர்களுடைய பெரிய ஊர்கள் இருந்தன. முதலில் தலையெடுத்தது சான் லொரென்சோ, ஏறக்குறைய கி.மு. 1400 முதல் 1000 வரை. அது தளர்ந்த பிறகு லா வென்டா, கி.மு. 900 முதல் 400 வரை. பழைய புத்தகங்களில் சான் லொரென்சோவுக்குக் கி.மு. 1200 - 900 என்று போட்டிருக்கும். பழைய கரியிலுள்ள கரிமத்தை அளந்து காலம் சொல்லும் கணக்கைத் திருத்தியதால் வந்த வித்தியாசம் அது, இரண்டையும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். அந்த நிலம் முழுக்க வண்டல். கோட்ஸகோவால்கோஸ், தொனாலா போன்ற ஆறுகள் மழைக்காலத்தில் கரை புரண்டு ஓடும், வருடத்தில் பாதி நாள் தாழ்வான இடமெல்லாம் தண்ணீர் நிற்கும். கையால் தூக்கும் அளவுக் கல்கூடக் கிடைப்பது அரிது. எரிமலைப் பாறையான பசால்ட் வேண்டுமென்றால் துஷ்ட்லா மலைக்குப் போக வேண்டும். சான் லொரென்சோவிலிருந்து அது சுமார் 60 கிலோமீட்டர். அவர்களிடம் அளவில்லாமல் இருந்தது மண்தான். சிவப்பு மண், மஞ்சள் களிமண், மணல், வெள்ளை மண் என்று விதவிதமாக இருந்தது. அவர்களுடைய கட்டடக்கலை அந்த மண்ணில் பிறந்தது. சுவர் மண், மேடை மண், தரை மண், பிரமிடும் மண். கூரை ஓலை. மூவாயிரம் வருட மழை இதன்மேல் பெய்தால் மிஞ்சுவது புல் முளைத்த மேடு. படம் எடுத்தால் சாதாரணக் குன்று மாதிரி இருக்கும். உங்கள் தேடலில் கட்டடம் வராததற்கு முதல் காரணம் இதுதான்.

சான் லொரென்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து கிட்டத்தட்ட 50 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஒரு மேட்டுநிலம் அது. அடியில் இருப்பது இயற்கைக் குன்று. மேலே இருப்பது மனிதர்கள் கொட்டி, வெட்டி, படிப்படியாகச் சமன்செய்த மண். 1966 முதல் 1968 வரை அங்கே தோண்டிய மைக்கேல் கோவும் ரிச்சர்ட் டீலும் இந்த மேட்டின் பெரும்பகுதி செயற்கை என்று கண்டார்கள். பக்கவாட்டில் நீளும் முகடுகளைப் பார்த்து, பறக்கும் பறவையின் உருவத்தில் முழு மேட்டையும் செதுக்க நினைத்திருப்பார்களோ என்றும் கோ கருதினார். 1990-லிருந்து அங்கே வேலை செய்துவரும் ஆன் சைஃபர்ஸ் குழுவின் ஆய்வுகளுக்குப் பிறகு பறவைக் கதை நிற்கவில்லை. அந்த முகடுகளில் பல, குடியிருப்புக்காக வெட்டிய படித்தளங்களும் மழை அரித்த பள்ளங்களும் சேர்ந்து உண்டான வடிவம்தான். ஆனால் மண்ணைக் கொட்டி ஊரையே உயர்த்தினார்கள் என்பதில் சந்தேகமில்லை.

மனிதன் கொட்டிய மண் என்று எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். இதை நான் என் கையாலேயே பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மேட்டை நேராக வெட்டி, வெட்டுச் சுவரைக் கரண்டியால் மெல்லச் சீவி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிறங்கள் எழுந்து வரும். ஆற்று வண்டல் என்றால் மெல்லிய கோடுகளாக, படுக்கையாக இருக்கும். கூடையில் சுமந்து கொட்டிய மண் என்றால் கவிழ்த்த சட்டி மாதிரி சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கும். ஒரு திட்டு கறுப்பு, பக்கத்தில் ஒன்று செம்மஞ்சள், அதன்மேல் சாய்ந்தபடி ஒன்று சாம்பல். ஒவ்வொரு திட்டும் ஒரு ஆள் ஒரு தடவை சுமந்துவந்து கொட்டியது. முதல்முறை அதைப் பார்த்தபோது நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பெயர் தெரியாத ஒருவர் தலையிலோ முதுகிலோ சுமந்துவந்த ஒரு கூடை மண், அவர் கொட்டிய வடிவத்திலேயே அங்கே கிடக்கிறது. ஒல்மெக் மேடுகளைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அந்தத் திட்டுகள்தான் நினைவுக்கு வரும்.

லா வென்டாவின் பெரிய பிரமிடு இப்படிக் கொட்டிய மண்தான். இன்றைய உயரம் 30 மீட்டருக்குச் சற்று மேல், கொள்ளளவு ஏறக்குறைய 1 லட்சம் கன மீட்டர். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், இது என் சொந்தத் தோராயம். இறுகிய ஒரு கன மீட்டர் மண் 1.7 டன் என்று வைத்து, ஒரு சுமை 25 கிலோ என்றால் கன மீட்டருக்கு 68 சுமை. மொத்தம் 68 லட்சம் சுமை. 500 பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 நடை சுமந்தால் 340 நாள். மழையில்லாத மாதங்களில், விவசாய வேலை இல்லாத நாட்களில் மட்டும் ஆண்டுக்கு 100 நாள் வேலை நடந்தால் மூன்றரை வருடத்தில் முடிந்துவிடும். மண் வெட்டியவர், திமிசு போட்டவர், சமைத்தவர் கணக்கு இதில் சேரவில்லை. அவர்களைச் சேர்த்து ஆள்கணக்கை இரண்டு மூன்று மடங்காக்கிக்கொண்டாலும் நம்ப முடியாத வேலை ஒன்றும் இல்லை. பல ஊர் மக்கள் சேர்ந்து, சில பருவங்கள் தொடர்ந்து செய்தால் முடியக்கூடிய வேலை. அத்தனை பேருக்கும் சோளமும் மீனும் கொடுத்து, ஒரே திட்டத்தின்கீழ் வைத்திருந்ததுதான் கடினமான பகுதி.

அந்தப் பிரமிடின் வடிவம் பற்றி ஒரு கதை உண்டு. 1960-களின் இறுதியில் ராபர்ட் ஹைசர் குழு மேலேயிருந்த காட்டை வெட்டித் துப்புரவு செய்தபோது, அது சதுரப் பிரமிடாக இல்லாமல், பக்கமெல்லாம் வரிசையாக மேடும் பள்ளமுமாக மடிந்த கூம்பு போலத் தெரிந்தது. உடனே ஓர் அழகான விளக்கம் பிறந்தது. துஷ்ட்லா மலையின் எரிமலைக் கூம்புகளைப் பார்த்து அதே வடிவில் கட்டினார்கள், தங்கள் புனித மலையைச் சமவெளிக்குக் கொண்டுவந்தார்கள் என்றார்கள். இருபது முப்பது வருடம் பாடப் புத்தகங்களில் அது இருந்தது. அப்புறம் ரெபெக்கா கொன்சாலெஸ் லாவுக் தென்பக்கத்தில் தோண்டினார். அடியில் படிப்படியான தளங்களும் உள்வாங்கிய மூலைகளும் வந்தன. கட்டியபோது அது படிப் பிரமிடு. மடிப்புகள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருட மழையின் வேலை. மலையைக் குறிக்கத்தான் கட்டினார்கள் என்ற கருத்து இன்னும் பொய்யாகிவிடவில்லை, நடு அமெரிக்காவில் பிற்காலத்தில் பிரமிடை மலை என்றே அழைத்த மக்கள் உண்டு. ஆனால் கூம்பு வடிவத்தை இனி அதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. பழைய வலைப்பக்கங்களில் கூம்புப் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பார்த்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கல்லை அவர்கள் பயன்படுத்தவே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிதான பொருளை அரிதான இடத்தில் வைத்தார்கள். சான் லொரென்சோவில் சிவப்பு மாளிகை என்று அழைக்கப்படும் ஒரு கட்டடம் கிடைத்தது. செம்மண் நிறம் ஏற்றிய மணல் தரை, கூரையைத் தாங்கப் பசால்ட் தூண், படிக்குப் பசால்ட் மூடுகல், அடியில் கல்லால் ஆன நீர்க்கால். சுவரும் கூரையும் வழக்கம்போல மண்ணும் ஓலையும்தான். நீர்க்கால் என்றதும் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அந்த ஊரில் ப வடிவத்தில் குடைந்த பசால்ட் தொட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து, மேலே கல் மூடி போட்டு, ஏறக்குறைய 170 மீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாயைப் புதைத்திருந்தார்கள். பயன்படுத்திய கல் சுமார் 30 டன். மழைத் தண்ணீரை வெளியேற்ற ஒரு மண் வாய்க்கால் வெட்டினாலே போதும், அதற்கு 60 கிலோமீட்டர் தள்ளியிருந்து பசால்ட் கொண்டுவரத் தேவையில்லை. ஆகவே தண்ணீர் ஓடுவதே அங்கே ஒரு சடங்காக இருந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அது ஊகம்தான். கால்வாய் இருந்தது என்பதுதான் உறுதி.

தலைகளையும் தனிச் சிற்பமாகப் பார்க்காமல் கட்டடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதுவரை கிடைத்தவை 17. சான் லொரென்சோவில் 10, லா வென்டாவில் 4, திரெஸ் சபோத்தெஸ் பகுதியில் 2, லா கோபாத்தாவில் ஒன்று. லா வென்டாவில் மூன்று தலைகள் ஊரின் வட எல்லையில் ஒரே வரிசையில் வடக்கு பார்த்து நின்றன, நான்காவது பெரிய பிரமிடுக்குத் தெற்கே நின்றது. வடக்கிலிருந்து ஊருக்குள் வருகிறவர் அந்த முகங்களைக் கடந்துதான் வர வேண்டும் என்பது போன்ற அமைப்பு. ‘பலிபீடம்’ என்று முன்பு பெயர் வைத்த பெரிய சதுரக் கற்கள் உண்மையில் ஆள்பவர் உட்காரும் அரியணைகள் என்று டேவிட் குரோவ் 1973-ல் காட்டினார். குவெரேரோ மாநிலத்தின் ஒக்ஸ்தோதித்லான் குகை ஓவியத்தில் அப்படி ஒன்றின்மேல் ஒருவர் அமர்ந்திருக்கிறார். 1989-ல் ஜேம்ஸ் போர்ட்டர் இன்னொரு விஷயத்தைக் கண்டார். சில தலைகள் பழைய அரியணைகளை மறுபடி செதுக்கிச் செய்தவை. தட்டையான பின்பக்கமும், அரியணையில் குடைந்திருந்த மாடத்தின் தடம் ஓரத்தில் மிஞ்சியிருந்ததும் அதைக் காட்டிக்கொடுத்தன. ஒருவர் உட்கார்ந்து ஆண்ட கல்லே பிறகு ஒரு முகமானது. அது அவருடைய முகமேதானா என்பது பிடிபடவில்லை.

இனி புதைத்தவற்றுக்கு வருகிறேன். கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியாததற்கு இரண்டாவது காரணம், அவற்றில் ஒரு பகுதி தெரிவதற்காகவே கட்டப்படவில்லை என்பது. பெரிய பிரமிடுக்கு வடக்கே, ஆய்வாளர்கள் ‘ஏ தொகுதி’ என்று அழைக்கும் ஒரு முற்றம் இருக்கிறது. சுற்றிலும் பசால்ட் தூண்களை வேலி மாதிரி நட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கற்பனைக் கோடு போட்டு மடித்தால் இடமும் வலமும் பொருந்துகிற அமைப்பு. அந்தக் கோடு வடக்கிலிருந்து 8 டிகிரி மேற்காகச் சாய்ந்திருக்கிறது, ஊர் முழுக்க அதே சாய்வு. ஏன் 8 டிகிரி என்பதற்கு வானியல் விளக்கங்கள் சிலர் தந்திருக்கிறார்கள், எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை.

அந்த முற்றத்தின் அடியில் அவர்கள் செய்திருப்பதைப் பாருங்கள். தென்மேற்கு மேடையின் இடத்தில் ஏறக்குறைய 7 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெரும் குழி வெட்டினார்கள். அதில் சர்பென்டைன் என்னும் பச்சைக் கல்லைச் செங்கல் போல வெட்டி, களிமண் குழைவில் வரிசை வரிசையாக அடுக்கினார்கள். அறிக்கை தரும் மதிப்பு சுமார் 1000 டன். சர்பென்டைன் அந்த வட்டாரத்தில் கிடைக்காத கல், தொலைவிலிருந்து வந்தது. அதன்மேல் மெருகேற்றிய சர்பென்டைன் துண்டுகள் 485-ஐச் சேர்த்து, சுமார் நாலரை மீட்டருக்கு ஆறு மீட்டர் அளவில் ஒரு கல்தளம் பதித்தார்கள். பார்த்தால் ஒரு முகம் மாதிரி, கண்ணும் மூக்கும் வாயும் தலைக்குமேல் பிளவும் தெரியும். இடைவெளிகளில் நிறக் களிமண். இவ்வளவும் செய்து முடித்து, யாரும் மிதித்துத் தேய்வதற்கு முன்பே, அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். இப்படி மூன்று கல்தளங்கள் கிடைத்திருக்கின்றன. தொல்லியலில் இது மிகத் தெளிவான சாட்சி. மிதித்த தேய்வு இல்லை, மழை பட்ட அரிப்பு இல்லை, மேலே நேராக நிரப்பு மண். கட்டி முடிப்பதும் மூடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகளாக இருந்தன. ஆயிரம் டன் கல் அடியில் இருக்கிறது என்று அந்த முற்றத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாது. யாருக்காக அதை வைத்தார்கள்? பூமிக்கு, தண்ணீருக்கு, கீழுலகத்துக்கு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நம்பக்கூடிய விளக்கங்கள்தான், நிரூபித்தவை அல்ல.

பிரமாண்டம் என்றால் உயரம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இந்த நினைப்பை 2020-ல் வந்த ஒரு கண்டுபிடிப்பு நன்றாகவே அசைத்துவிட்டது. தபாஸ்கோவின் கிழக்குப் பகுதியில், மாயா நாட்டு ஓரத்தில், அகுவாதா ஃபெனிக்ஸ் என்ற இடத்தில் தகேஷி இனோமாட்டா குழு விமானத்திலிருந்து லேசர் ஒளி வீசி நிலத்தை அளந்தது. 1400 மீட்டர் நீளமும் கிட்டத்தட்ட 400 மீட்டர் அகலமும் 10 முதல் 15 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு மண் மேடை வந்தது. கொள்ளளவு 32 முதல் 43 லட்சம் கன மீட்டர். லா வென்டா பிரமிடைப் போல முப்பது மடங்குக்கு மேல். கி.மு. 1000 அளவில் தொடங்கியது. மக்கள் அதன்மேல் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு பெரிதாக இருந்ததால் அது கட்டியது என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே அரசர் சிலையோ ராட்சதத் தலையோ கிடைக்கவில்லை. ஆள்பவர் உத்தரவு போட்டுத்தான் இவ்வளவு பெரிய வேலை நடக்கும் என்ற பழைய எண்ணத்தை இது கேள்விக்குள்ளாக்கியது. அதைக் கட்டியவர்களை ஒல்மெக் என்பதா மாயா என்பதா என்று சண்டை நடக்கிறது. அந்தக் காலத்தில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது என்பது என் கருத்து. அடுத்த வருடம் அதே குழு இன்னும் 478 செவ்வக முற்றங்களை வரைபடத்தில் காட்டியது. சான் லொரென்சோ மேட்டிலும் ஓரங்களில் 20 சிறு மேடைகள் கொண்ட செவ்வகத் திறந்தவெளி இருந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். பிற்கால நடு அமெரிக்கக் காலக்கணிதம் 20-ஐ அடியாகக் கொண்டது என்பதால் இதை நாட்காட்டியோடு சேர்க்கிறார்கள். திறந்தவெளி இருந்தது என்பதை லேசர் அளவீடு காட்டுகிறது. நாட்காட்டி என்பது அவர்களின் வாசிப்பு, எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதால் மட்டும் உண்மையாகிவிடாது.

கோவில் என்றதும் நமக்குக் கருவறையும் கூரையும் மனதில் வரும். அந்தப் படத்தைத் தள்ளிவைத்தால்தான் இவர்கள் கட்டியது புரியும். ஆயிரக்கணக்கானவர்கள் கூடி நிற்க உயர்த்திச் சமன்செய்த வெளி, அதன் ஓரத்தில் மேடுகள், அடியில் புதைத்த பச்சைக் கல், வழியில் பார்த்துக்கொண்டு நிற்கும் கல் முகங்கள். இவையெல்லாம் சேர்ந்ததுதான் கட்டடம்.

வெளியிலிருந்து யாராவது வந்தார்களா என்ற கேள்விக்கு என் நேரடியான பதில், யாரும் வரவில்லை என்பதுதான். தலைகளின் மூக்கையும் உதட்டையும் காட்டி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்றும், வேறு கடல்கடந்த மக்கள் என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. இந்த ஊர்களில் இத்தனை வருடம் தோண்டியும் வேறு கண்டத்துப் பொருள் ஒன்றுகூட வரவில்லை. அந்த முகச்சாயல் வெராகுரூஸ், தபாஸ்கோ மக்களிடம் இன்றும் உண்டு. அதைவிட முக்கியமானது, இந்தக் கட்டடக்கலை படிப்படியாக வளர்ந்தது அங்கேயே தெரிகிறது. சான் லொரென்சோ பெரிதாவதற்கு முன்பே, கி.மு. 1600 வாக்கில், பக்கத்தில் எல் மனாத்தி என்ற ஊற்றில் ரப்பர் பந்துகளையும் கல் கோடரிகளையும் தண்ணீரில் வைத்து வழிபட்டிருக்கிறார்கள், பிறகு அதே இடத்தில் மரத்தில் செதுக்கிய மார்பளவு உருவங்களைப் புதைத்தார்கள். தண்ணீருக்கும் சேற்றுக்கும் விலைமதிப்பானதைக் கொடுக்கிற பழக்கம் அங்கே தொடங்கி லா வென்டாவின் ஆயிரம் டன் வரை வருகிறது. அந்த மண்ணின் மக்கள் அந்த மண்ணிலேயே கற்றுக்கொண்டது. இதை வேறு யாருக்கோ தூக்கிக் கொடுப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கும், கூடை சுமந்தவர்களிடமிருந்து அந்தக் கூடையைப் பிடுங்குவது மாதிரி.

சிற்பங்கள் பல உடைந்தும் குழி பறித்தும் கிடப்பதை வைத்து, மக்கள் கிளர்ந்தெழுந்து ஊரை அழித்தார்கள் என்று கோ எழுதினார். ஆள்பவர் இறந்ததும் அவருடைய கல்லின் சக்தியை அடக்கச் செய்த சடங்கு என்றார் குரோவ். மறுபடி செதுக்கக் குவித்து வைத்தவை என்றார் சைஃபர்ஸ். மூன்றும் வெவ்வேறு கல்லுக்குச் சரியாக இருக்கலாம். கல்லை எப்படி இழுத்து வந்தார்கள் என்பதிலும், ஆற்றில் தெப்பமா, தரையில் உருளைக் கட்டையா என்று முடிவு வரவில்லை. சுமை இழுக்கும் மிருகமும் வண்டியும் அவர்களிடம் இல்லை என்பது மட்டும் உறுதி.

இன்று போய்ப் பார்க்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் லா வென்டாவில் எண்ணெய் எடுக்கும் வேலை வந்தபோது ஊரின் பெரும்பகுதி சிதைந்தது. கவிஞர் கார்லோஸ் பெல்லிசர் முயற்சி எடுத்துச் சிற்பங்களை வில்யாஎர்மோசாவுக்குக் கொண்டுபோய், 1958-ல் ஒரு திறந்தவெளிப் பூங்காவாகத் திறந்தார். தலைகளும் அரியணைகளும் அங்கே மரநிழலில் இருக்கின்றன. அவர் செய்யாவிட்டால் பல காணாமல் போயிருக்கும். ஆனால் அங்கே பார்ப்பவர்களுக்குத் தலை எந்தத் திசை பார்த்து நின்றது, முற்றம் எங்கே, பிரமிடு எவ்வளவு தூரம் என்பது தெரியாது. முடிந்தால் பூங்காவைப் பார்த்த அன்றோ மறுநாளோ லா வென்டாவுக்கும் போய் அந்த மேட்டில் ஏறி நில்லுங்கள்.

மெக்சிகோ நகரின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் நான்காம் காணிக்கை என்று ஒன்று இருக்கிறது. நான் அதன்முன் வெகுநேரம் நின்றேன். 1955-ல் லா வென்டாவின் ஏ தொகுதியில் டிரக்கர், ஹைசர், ஸ்குவையர் குழு கண்டெடுத்தது. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக 16 சின்ன மனிதர்கள், மழித்த நீண்ட தலை, லேசாக மடங்கிய முழங்கால். பெரும்பாலும் பச்சைக் கல். ஒருவர் மட்டும் சொரசொரப்பான வேறு கல், தேய்ந்து முகம் மங்கியவர். அவருக்குப் பின்னால் ஆறு நெடிய கல் கோடரிகள் தூண்வரிசை மாதிரி நிற்கின்றன, மற்றவர்கள் அவரைப் பார்த்து நிற்கிறார்கள். பசால்ட் தூண் நட்ட முற்றத்தில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அவர்களே செய்துவைத்த சின்ன மாதிரி அது என்று பலர் கருதுகிறார்கள். இந்தக் காட்சியை நிற்க வைத்து மணலால் மூடி, மேலே பல நிறத் தரைகள் போட்டார்கள். வெட்டுச் சுவரில் தெரிந்த விஷயம் இனிதான். அந்த நிறத் தரைகளை எல்லாம் அறுத்துக்கொண்டு, பிற்காலத்தில் மேலேயிருந்து ஒரு குழி இறங்கியிருக்கிறது. சரியாக அந்த இடத்தில், சிலைகளின் தலை தெரியும் ஆழம் வரை மட்டும். ஒன்றையும் எடுக்கவில்லை, ஒன்றையும் நகர்த்தவில்லை. பார்த்துவிட்டு வேறு மண்ணால் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.